நீளப் புல்லில் பூச்சி

எனக்குப் பாம்பென்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயம் என்றால் ஏதோ கூச்சம், அருவருப்பு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தொலைக்காட்சியில் வந்தாலே இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிற பயம். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவள் நான். சின்ன வயதில் பள்ளி விட்டதும் ஒருநாள் கடற்கரைப் பக்கம் போனேன். வலையில் சிக்கிய கடல்பாம்பை யாரோ எடுத்து மணலில் வீசியிருந்தார்கள். செத்தது என்று நினைத்து அதன் பக்கத்தில் காலை வைத்தேன். அது சாகவில்லை. கடிக்கவும் இல்லை, ஒரு நெளி நெளிந்தது, அவ்வளவுதான். அந்த நெளிவு இன்னும் என் உள்ளங்காலில் இருக்கிறது.

இப்படிப்பட்டவள் போய் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்லுக்குப் பொறுப்பாளராக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் வாத்தியார்கள். அம்மா டீச்சர், பெரியம்மா டீச்சர், சித்தப்பா ஹெட்மாஸ்டர். நான் ஒருத்திதான் வேளாண்மை படித்தேன், அதிலும் தென்னை, வாழை என்று உருப்படியாக ஒன்றையும் பிடிக்காமல் புல்லைப் பிடித்தேன். "டீச்சர் வீட்டுப் பொண்ணு புல்லு புடுங்கப் போகுது" என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது என் காதில் விழுந்திருக்கிறது. விழட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எந்த மைதானம் என்று சொல்லப் போவதில்லை. தென்சென்னையில் இருக்கிறது, மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டே இருக்கும், இந்தப் பக்கம் பச்சைப் பசேல் என்று புல் படுத்திருக்கும். நான் இதுவரை ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. பந்து போய் விழ வேண்டிய குழிகள், குழியைச் சுற்றி மொட்டை அடித்தது போல ஒட்ட வெட்டிய புல், குழிக்குக் குழி நடந்து போகிற அகலமான புல்வெளி, அதற்கு இரண்டு பக்கமும் யாருக்கும் வேண்டாத ஓரப் புல். என் உலகம் இவ்வளவுதான். அந்த ஓரப் புல்தான் இந்தக் கதைக்குக் காரணம்.

கோடைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்காக நானும் குடத்தோடு நின்றிருக்கிறேன். நின்று, சண்டை போட்டு, கிடைத்ததைத் தூக்கி மாடியேற்றிவிட்டு, அவசரமாகக் குளித்துவிட்டு வேலைக்குப் போவேன். போனால் அங்கே புல்லுக்குத் தண்ணீர் விசிறிக்கொண்டிருக்கும். நாற்புறமும் சுற்றிச் சுற்றித் தெளிக்கும், மேலே சின்ன வானவில்கூடத் தெரியும். அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். மருந்து இன்னொரு கொடுமை. புழுவுக்கு ஒரு மருந்து, பூஞ்சைக்கு ஒரு மருந்து, களைக்கு ஒரு மருந்து. மருந்தடித்த மறுநாள் காலையில் வாய்க்காலில் தவளைகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். மைனா, தவிட்டுக்குருவி எதுவும் எட்டிப் பார்க்காது. அவ்வளவு பச்சையில் ஒரு சத்தமும் இல்லாமல் இருப்பது மயானத்தை விட மோசம்.

அதனால் நிர்வாகக் குழுவிடம் ஒரு யோசனை சொன்னேன். குழியைச் சுற்றி இருக்கிற புல்லை மட்டும் பழையபடி பார்த்துக்கொள்வோம். அதற்கும் நல்ல தண்ணீர் வேண்டாம், கழிவுநீரைச் சுத்தம் செய்து பாய்ச்சுவோம். ஓரப் புல்லை வெட்ட வேண்டாம், மருந்து வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மழை பெய்தால் வளரட்டும், வெயிலடித்தால் காயட்டும். குழுவில் எல்லோரும் பெரிய மனிதர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள். பந்து தொலைந்து போகுமே என்பதுதான் அவர்களுடைய கவலை. ஒருவர் மட்டும், புலி வராமல் இருந்தால் சரி என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கடைசியில் மழைக்காலம் முடிகிறவரை செய்து பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் மறுநாளே எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மருந்தடிப்போம் என்றார் செயலாளர். ஏதாவது என்றால் என்னவென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

களை பறிக்கும் பெண்கள் ஒரு சின்னக் கூட்டம். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஓர் அக்கா. பட்டினப்பாக்கம் கடற்கரைக் குப்பத்துக்காரர். முன்னே கூடை சுமந்து மீன் விற்றவர், கழுத்து வலி வந்து கூடையை இறக்கிவிட்டு இந்த வேலைக்கு வந்தார். எங்கள் தெரு முழுக்க அவரிடம் மீன் வாங்கியதுதான். அதனால் மைதானத்துக்குள் என்னை மேடம் என்பார், வெளியே வந்தால் 'டீச்சர் ஊட்டுப் பொண்ணு' என்பார். இரண்டு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வருவோம்.

ஓரப் புல்லை வளரவிட முடிவானதும், அக்காவையும் மற்றப் பெண்களையும் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார வைத்துப் பேசினேன். டீச்சர் வீட்டு ரத்தம், பாடம் நடத்தாமல் விடுமா. இனிமேல் பூச்சிக்கு மருந்து கிடையாது என்றேன். பூச்சி நமக்கு எதிரி இல்லை, பூச்சி இருந்தால்தான் பறவை வரும், மண் நன்றாக இருக்கும் என்றேன். பூச்சியைப் பார்த்தால் அடிக்கக் கூடாது, எங்கே பார்த்தீர்கள் என்று என்னிடம் வந்து சொன்னால் போதும் என்றேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடிக்கவே கூடாதா மேடம்?" என்று கேட்டார் அக்கா.

"கூடவே கூடாது. நாம தொந்தரவு பண்ணாம அது நம்மள ஒண்ணும் பண்ணாது."

"கடிச்சிட்டா?"

"கடிச்சா கொஞ்சம் சுண்ணாம்பு வச்சிக்குங்க அக்கா. சரியாப் போயிடும்."

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.

மழை நாலு தூறல் போட்டதும் ஓரப் புல் சரசரவென்று எழுந்தது. முழங்கால் உயரம் வந்தது, அதற்கு மேலும் வந்தது. தட்டான்கள் வந்தன. வெகு நாளைக்குப் பிறகு தவளைச் சத்தம் கேட்டது. குருவிகள் புல் நுனியில் உட்கார்ந்து ஊஞ்சல் ஆடின. எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் அக்கா வேலை முடிந்து வந்து சொல்லிவிட்டுப் போவார்.

"ஏழாங்குழியாண்ட ஒண்ணு பாத்தேன் மேடம்."

ஒன்றுதானா என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது. இன்னும் நிறைய வர வேண்டும், வரும் என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன். அவர் விறுவிறுவென்று வாசல் பக்கம் நடந்தார். இன்னொரு நாள், பம்ப் அறைக்குப் பின்னால் இரண்டு ஒன்றாகப் பின்னிக்கொண்டு கிடந்தன, சேலை முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிட்டேன் என்றார். அப்படியானால் சீக்கிரம் முட்டை வைக்கும் என்று கைதட்டாத குறையாகச் சொன்னேன். அடுத்த வாரமோ என்னவோ, பார்த்தது நல்லதா வேறயா என்று தெரியவில்லை என்று குழப்பத்தோடு வந்து நின்றார்.

"எல்லாமே நல்லதுதான் அக்கா" என்றேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மோர் குடிக்கச் சொன்னேன்.

வேறு எத்தனையோ அடையாளங்களும் என் கண்ணில் பட்டன. பெண்கள் எல்லோரும் கையில் நீளக் குச்சி வைத்துக்கொண்டு தரையைத் தட்டித் தட்டி நடந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் போகாமல் ஒன்றாகவே போனார்கள், உரக்கப் பேசினார்கள். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்பதாம் குழியின் ஓரத்தில் மஞ்சள் குங்குமம் தெளித்து ஒரு முட்டை வைத்திருந்தது. அம்மனுக்கு ஏதோ வேண்டுதல், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். அங்கே வந்த ஓர் உறுப்பினர் தன் பந்துதான் புல்லில் கிடக்கிறது என்று குனிந்து அந்த முட்டையைக் கையில் எடுத்துவிட்டார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அன்று கிளப் முழுக்கச் சிரித்தோம். அவர் கையை விட்டு எடுத்த இடம் எது என்று இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்கு அப்போது புரியவில்லை. நகரத்துக்கு நடுவே, மதில் கட்டிய புல்வெளியில் பாம்பு இருக்கும் என்று என் பயத்துக்கே தோன்றவில்லை. எங்கள் வீட்டில் பாம்பைப் பாம்பு என்றுதான் சொல்வோம். மாதா சொரூபம் வீட்டுக்கு வீடு இருக்கிறது, மாதாவின் காலடியில் பாம்பும் இருக்கிறது. தலையை மிதித்துக்கொண்டுதானே நிற்கிறாள், பேரைச் சொன்னால் என்ன கெட்டுப்போகும் என்பதுதான் எங்கள் எண்ணம். பயந்தவள் நான்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் பயந்தேன். பேரைச் சொன்னால் அது வந்துவிடும், அதனால் பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும் என்று அக்கா வீட்டில் சின்னக் குழந்தைக்குக்கூடச் சொல்லி வளர்ப்பார்கள் என்பது, அவரிடம் இத்தனை வருடம் மீன் வாங்கியும் எனக்குத் தெரியாமல் போனது. நல்ல பாம்பை, பாம்பை விட்டுவிட்டு வெறும் நல்லது என்று மட்டும் சொல்வார்கள் என்பதும் தெரியாது.

தெரிந்தது ஒரு காலை வேளையில். முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஏழாம் குழி ஓரத்தில் புல்லின் அடியில் என்னென்ன பூச்சி இருக்கிறது என்று பார்க்க, பூதக்கண்ணாடியோடு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். இடது கையால் புல்லை விலக்கி, வலது கையை வேர் வரைக்கும் விட்டிருந்தேன். பின்னால் பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது. அக்காவின் குரல் மட்டும் கேட்டது, மெதுவாக, குழந்தையை எழுப்பாமல் பேசுவது போல.

"மேடம். ஆடாதீங்க. பூச்சி கீது."

"எங்க அக்கா?" என்றேன். எனக்கு ஒரே சந்தோஷம்.

"உங்க முட்டியாண்ட. கைய மெதுவா இஸ்துக்கோங்க. திரும்பாதீங்க."

வண்டோ வெட்டுக்கிளியோ என்று நான் முட்டியைப் பார்த்தேன். காய்ந்த பனை ஓலை ஒன்று புல்லுக்குள் சுருண்டு கிடந்தது. வந்து உட்காரும்போதே அதைப் பார்த்திருந்தேன், பிறகு எடுத்துப் போட வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன். அதன் மேல் சங்கிலி சங்கிலியாகக் கோடு இருந்தது. அது மூச்சு விட்டது. குக்கர் விசில் வருவதற்கு முன்னால் உஸ்ஸென்று ஓர் இரைச்சல் வருமே, அந்த மாதிரி. அதற்குப் பிறகுதான் அது பனை ஓலை இல்லை என்று என் மூளைக்கு எட்டியது.

கத்தவில்லை. தைரியத்தால் இல்லை. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள், நடுங்குவதற்குக்கூட உடம்பில் கொஞ்சம் உயிர் வேண்டும். எனக்கு அதுவும் இல்லை. வலது கை புல்லுக்குள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மாதாவே என்று மனதுக்குள் சொல்ல நினைத்தேன், அந்த வார்த்தையும் வரவில்லை. அக்கா திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார், ஆடாதீங்க, அதுவா பூடும், ஆடாதீங்க. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. பிறகு அந்தச் சுருள் ஒவ்வொரு சுற்றாக அவிழ்ந்தது. அவசரமே இல்லாமல் புல்லுக்குள் போயிற்று. புல் நுனி அசைவதை வைத்து அது எவ்வளவு தூரம் போகிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என்னை இரண்டு பெண்கள் தூக்கித்தான் நிறுத்தினார்கள். மரத்தடிக்கு வந்து தண்ணீர் குடித்தேன். குடித்தது எல்லாம் புடவையில் கொட்டியது. ஏன் பூச்சி என்று சொன்னீர்கள், பாம்பு என்று சொல்ல வேண்டியதுதானே என்று அக்காவின் மேல் எரிந்து விழுந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வந்துவிடும்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வேற இன்னான்னு சொல்றது? நீங்களும் பூச்சின்னுதான சொன்னீங்க. அடிக்கக் கூடாது, வந்து சொல்லுன்னு நீங்கதான சொன்னீங்க."

அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. ஏழாம் குழியில் பார்த்த ஒன்று. பம்ப் அறைக்குப் பின்னால் பின்னிக்கொண்டு கிடந்த இரண்டு. நல்லதா வேறயா. எல்லாமே நல்லதுதான். குச்சி, முட்டை, மஞ்சள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சுண்ணாம்பு. இந்தப் பெண்களில் யாரையாவது அந்தச் சங்கிலிக் கோட்டுக் கண்ணாடி விரியன் கடித்திருந்தால், என் பேச்சைக் கேட்டுச் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பூச்சி கடித்துவிட்டது என்று எனக்குப் போன் வந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். மரத்தில் சாய்ந்துகொண்டேன்.

உங்களுக்கெல்லாம் பயமாக இல்லையா, ஏன் யாரும் மறுத்துப் பேசவில்லை என்று கேட்டேன். ஒரு பெண் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "படிச்சவங்க, தெரிஞ்சிதான் செய்றீங்கன்னு நெனச்சோம்."

அதற்குப் பிறகு என் நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். சாந்தோமில் நாலாவது மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. அங்கே பாம்பு வர வேண்டுமென்றால் லிஃப்டில்தான் வர வேண்டும். ஆனாலும் சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். குளியலறை வாளியைக் காலால் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போனேன். மயிலாப்பூரில் காய் வாங்கும்போது புடலங்காயைப் பார்த்துப் பின்வாங்கினேன், கடைக்காரர் என்னம்மா ஆச்சு என்றார். ஒவ்வொரு காலையும் ஷேர் ஆட்டோவில் அக்கா ஏறுகிற இடம் வரும்வரை தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வருவேன். அவர் வந்து ஏறி உட்கார்ந்ததும், இன்றைக்கு இவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று ஓர் அருள் நிறைந்த மரியே செபம் சொல்வேன். சாயங்காலம் அவர் இறங்கிப் போகும்போது இன்னொன்று. செபமாலை பிடிக்காமலே எனக்குச் செப வாழ்க்கை வந்துவிட்டது.

வெட்டிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். செயலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் வெட்டிவிடலாம் என்றேன். அவர் அசரவே இல்லை. பாம்பு எப்போதும்தான் இருக்கிறது, முன்பெல்லாம் பம்ப் அறையிலும் சமையலறைக்குப் பின்னாலும் வந்துகொண்டிருந்தது, உறுப்பினர்கள் காதுக்கு மட்டும் போக வேண்டாம் என்றார். பாம்பு பிடிக்கிறவர் ஒருவரை வரவழைத்துக் கேட்டேன். அவர் புல்லையும் வாய்க்காலையும் சுற்றிப் பார்த்துவிட்டு, மழை நேரத்தில் மொத்தத்தையும் ஒரேயடியாக வெட்டினால் அத்தனையும் இடம் தேடிக் கட்டடத்துக்குள்தான் வரும், இருக்கிற இடத்தில் விட்டுவிட்டு ஆட்களை விலக்குங்கள் என்றார். முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும் என்பது இதுதான். வெட்டினாலும் பயம், விட்டாலும் பயம்.

அதனால் நீளப் புல்லுக்கு நடுவே அங்கங்கே ஒட்ட வெட்டிப் பாதை போட்டேன். அந்தப் பாதையை விட்டு யாரும் இறங்கக் கூடாது. நீளப் புல்லில் கையால் களை பறிப்பது அடியோடு நின்றது. எல்லாருக்கும் முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்கித் தந்தோம். பந்து நீளப் புல்லில் விழுந்தால் விழுந்ததுதான், தேடக் கூடாது என்று பலகை வைத்தோம். எதற்காக என்று உறுப்பினர்கள் கேட்டபோது, பறவைகள் கூடு கட்டுகின்றன என்றேன். அதுவும் உண்மைதான். விஷக்கடிக்கு மருந்து இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்த வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று டிரைவரோடு ஒருநாள் போய்ப் பார்த்து வந்தேன். கிண்டிப் பாலத்தடியில் நெரிசலில் நின்றபோது, பின் சீட்டில் யாரும் இல்லாமலே எனக்கு வியர்த்துக் கொட்டியது.

இன்னொரு சட்டமும் போட்டேன். இந்த மதிலுக்குள் பூச்சி என்றால் பூச்சி, பாம்பு என்றால் பாம்பு. பாம்பைப் பார்த்தால் வாயைத் திறந்து பேரைச் சொல்லிக் கத்த வேண்டும். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பேரைச் சொன்னால் வந்துவிடுமே என்றாள் ஒருத்தி. ஏற்கெனவே வந்ததைப் பார்த்துதானே சொல்கிறீர்கள், இன்னும் எங்கிருந்து வரப் போகிறது என்று நான் வாதாடினேன். சரி மேடம் என்றார்கள். டீச்சரிடம் பிள்ளைகள் சொல்கிற சரி அது. நான் பக்கத்தில் இல்லாதபோது அவர்கள் பழையபடி பூச்சி என்றுதான் பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஐப்பசி மழை வலுத்தது. ஓரப் புல் சாய்ந்து எழுந்து கருகருவென்று நின்றது. மருந்து இல்லாமலே புழு குறைந்திருந்தது, குருவிகள் பார்த்துக்கொண்டன. கோடையில் எவ்வளவு தண்ணீர் மிச்சமாகும் என்று குழுவில் இருந்தவர்கள் பெருமையாகப் பேசத் தொடங்கினார்கள். என்னைப் பாராட்டினார்கள். எனக்கு அது காதிலேயே ஏறவில்லை. வாய்க்கால் நிரம்பி வழிகிறது, வளைகளில் தண்ணீர் புகுந்திருக்கும், அதில் இருந்ததெல்லாம் எங்கே போகும் என்பதுதான் என் கவலை.

அப்படி ஒரு நாள், மழை விட்டு, வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தபோது, மற்றப் பெண்களெல்லாம் கிளம்பிவிட்டார்கள். நான் பம்ப் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். குழாயடி சிமெண்ட் மேடையில் அக்கா உட்கார்ந்திருந்தார். பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று இரண்டையும் கழற்றி, கவிழ்த்து வடியவிட்டு, காலைக் கழுவிக்கொண்டிருந்தார். வெறுங்கால். கழுவி முடித்து பூட்ஸை எடுத்துக் கீழே போட்டார், அது சாய்ந்து விழுந்தது. என்னைப் பார்த்து, இன்றைக்கு வஞ்சிரம் விலை கேட்டால் மயக்கம் வரும் என்று ஏதோ சொல்லிக்கொண்டே, ஒரு காலை பூட்ஸை நோக்கி நீட்டினார்.

மேடைக்கு அடியில் ஒரு சந்து இருக்கிறது. அதிலிருந்து அது வெளியே வந்தது. முதலில் தலை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு. அக்காவின் காலுக்கும் பூட்ஸுக்கும் நடுவில். அக்கா என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார், கீழே பார்க்கவில்லை.

பாம்பு என்று கத்த வேண்டும். சட்டம் போட்டவள் நான். வாயைத் திறந்தேன். அந்தப் பேர் வரவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்தப் பேரைச் சொன்னால் அது நிஜமாகிவிடும், சொல்லிவிட்டால் அது அவரைக் கடித்துவிடும் என்று தோன்றியது.

"அக்கா," என்றேன், "பூச்சி."

நீட்டிய கால் அந்தரத்தில் அப்படியே நின்றது. எங்கே என்று கேட்கவில்லை, குனிந்து பார்க்கவில்லை. கண்ணை மட்டும் என் கண்ணில் வைத்திருந்தார். நான் கீழே பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அது பூட்ஸின் வாய்க்கு வந்து கொஞ்சம் நின்றது. உள்ளே போகலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. அக்காவின் காலிலிருந்து தண்ணீர் அதன் மேல் சொட்டியது. அவர் கால் ஆட ஆரம்பித்தது, எவ்வளவு நேரம்தான் தூக்கிப் பிடிப்பார். பிறகு அது பூட்ஸைச் சுற்றிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, தண்ணீரோடு போய்விட்டது. விரியனா, நல்லதா, வெறும் தண்ணீர்ப் பாம்பா என்று எனக்குத் தெரியாது. பார்க்கிற நிலைமையில் நான் இல்லை.

நான் எப்படி அந்த மேடை மேல் ஏறினேன் என்று ஞாபகமில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். அவரும் இரண்டு காலையும் மேலே தூக்கி, முட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பேரச் சொல்லணும்னு ரூலு போட்டீங்க" என்றார்.

"வாயில வரலக்கா."

"நல்ல வேள. பேரச் சொல்லியிருந்தா எய்ந்து குதிச்சிருப்பேன். அது மேலயே குதிச்சிருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கை என் கையை விட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஏழாம் குழியில் என்னை ஆடாதே ஆடாதே என்று சொல்லி நிறுத்தி வைத்தவர் அவர். பயம் என்றால் என்னவென்றே தெரியாதவர் என்று நான் அவரைப் பற்றி நினைத்து வைத்திருந்தேன்.

"உங்களுக்கும் பயமா அக்கா?"

அவர் என்னைப் பார்க்காமல் நீளப் புல்லைப் பார்த்தார்.

"புல்லு வளர ஆரம்பிச்சதுலேர்ந்து எனுக்கு இப்டிதான் கீது மேடம். தெனம் ஊட்லேர்ந்து கெளம்பும்போதே கைகாலு ஒதறும். நீங்க சிரிச்சிக்கினே புல்லுக்குள்ள பூந்து போவீங்க. டீச்சர் ஊட்டுப் பொண்ணுக்கே பயம் இல்ல, நமக்கு இன்னான்னு நானும் பூந்தேன்."

தொலைக்காட்சியில் பாம்பு வந்தால் நான் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வேன் என்பதை அவரிடம் சொன்னேன். கடற்கரையில் அந்தக் கடல்பாம்பு நெளிந்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குச்சியும் டார்ச்சுமாக வாட்ச்மேன் வந்து பூட்ஸை உதறிக் கொடுக்கிற வரைக்கும், நாங்கள் இரண்டு பேரும் காலைக் கீழே வைக்கவில்லை.